பின்னாடி உட்காருங்க பாய்

பஹ்ரைனில் மேடு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதிலும் நான் ஏறியதில்லை. அப்படிப்பட்ட தட்டையான தீவில் உனக்கு எதற்குப் பெரிய இஞ்சின் என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ஏசிக்காக என்று சொன்னால் சிரித்தார்கள். ஆனால் அதுதான் உண்மை.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே ஒரு மின்நிலையத்தில் இஞ்சினியர். கல்யாணமான கையோடு மனைவியைக் கோயமுத்தூரிலிருந்து அழைத்து வந்து ஈசா டவுனில் சின்னதாக ஒரு வீடு பிடித்திருந்தேன். எங்களிடம் பாலாடை நிறத்தில் ஒரு ஜப்பான் கார் இருந்தது. ஆயிரத்து முந்நூறு சிசி. சாதுவான வண்டி. ஜூலை மாதத்தில் அதற்குள் உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பதால் மனாமாவில் ஒரு கடையில் ஏசி மாட்டினேன். காற்று ஜில்லென்று வந்தது. கார்தான் வரவில்லை. ஏசி ஓடும்போது அந்தச் சின்ன இஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, மண்ணெண்ணெய் பீப்பாய் ஏற்றிய கழுதை வண்டி ஒன்று சிக்னலிலிருந்து எங்களோடு சமமாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் கூடவே வந்தது. கழுதை திரும்பி என் மனைவியைப் பார்த்ததாக அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

"ஏனுங்க, ஏசியைப் போட்டா வண்டி நிக்குது. ஏசியை நிறுத்துனா உசுரு நிக்குது. ரெண்டுல எதுன்னு சொல்லிருங்க, அதுக்குத் தக்க சேலை கட்டிக்கறேன்" என்றாள்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு கோயமுத்தூர் இஞ்சினியர் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

நான் வழக்கமாக வண்டி விடும் கராஜை நடத்தியவர் பெஷாவர்க்காரர். அதே கம்பெனியின் பெரிய கார் ஒன்று பின்னாலிருந்து லாரி மோதி நசுங்கிப்போய் அவரிடம் கிடந்தது. பின்பக்கம் அப்பளம், முன்பக்கம் புதுசு. ஆயிரத்து எண்ணூறு சிசி இஞ்சின். "லகா தேங்கே சாப்" என்றார். மாட்டிவிடலாம் என்று அர்த்தம். இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவரும் நானும் சட்டையில்லாமல் வேலை செய்து மாட்டிவிட்டோம். சாவியைத் திருப்பியதும் அது உறுமிய சத்தத்தைக் கேட்டு என் கண்ணில் நீர் வந்தது. புகையாகவும் இருக்கலாம்.

மனைவியை ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாகத் திறந்துவிட்டு, முதல் சவாரி போனேன். வழியில் ஒரு தர்பூசணி வாங்கிப் பின் சீட்டில் வைத்தோம். சிக்னல் பச்சையானது. கிளச்சை விட்டேன். காருக்குப் பின்னால் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல் டடடட என்று ஒரு சத்தம். வண்டி முன்னால் போவதற்குப் பதிலாக நின்ற இடத்திலேயே பின்பக்கம் குதித்தது. பிறகு திடீரென்று பாய்ந்தது. அடுத்த ரவுண்டபவுட்டில் நுழைந்து, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. கார் ஒரு சுற்று சுற்றி, நாங்கள் வந்த வழியைப் பார்த்து நின்றது. தர்பூசணி முன்னால் வந்து என் மனைவியின் காலடியில் இரண்டாகப் பிளந்திருந்தது.

அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்து, "நல்ல செவப்பு" என்றாள்.

பெஷாவர்க்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். "இஞ்சின் ஷேர் ஹை சாப், பீச்சே பக்ரி ஹை." முன்னால் சிங்கம், பின்னால் ஆடு.

ஆடு எப்படித் துள்ளுகிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் காரை நிறுத்தி, மனைவியை ஓட்டும் இடத்தில் உட்கார வைத்தேன். அவளுக்குக் கிளச் எது, பிரேக் எது என்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் காருக்குப் பக்கத்தில், பாதுகாப்பான தூரத்தில், மணலில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

"இப்ப விடு!" என்று கத்தினேன்.

விட்டாள். நான் பார்த்தேன். அந்தக் காரின் பின்சக்கரங்களை இணைக்கும் அச்சு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. சக்கரம் முன்னால் சுழலப் போகும்போது அச்சு அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பழைய இஞ்சினின் முறுக்கைப் பட்டை தாங்கியது. புது இஞ்சினுக்கு அது வாழைப்பட்டை மாதிரி வளைந்து நெளிந்து, தாங்க முடியாமல் வெடுக்கென்று திரும்பியது. திரும்பியதும் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. விழுந்தது. மறுபடி முறுக்கிக்கொண்டது. அதுதான் அந்த டடடட.

இதற்குள் கார் பதினைந்து அடி குதித்துப் போய், பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் இஞ்சின் அணைந்து நின்றிருந்தது. மனைவி இறங்கி வந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். அற்புதம். இன்னொரு தடவை."

"இன்னொரு தடவைக்கு இன்னொருத்தியக் கட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் வைத்தியமாக, ஒரு பிக்கப் வண்டியின் பட்டைகளை எடுத்து எங்கள் பட்டைகளோடு சேர்த்துக் கட்டினோம். துள்ளல் பாதி குறைந்தது. ஆனால் சாலையில் கிடந்த தீக்குச்சிமேல் ஏறினாலும் முதுகெலும்பில் தெரிந்தது. ஒரு பள்ளத்தில் என் மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட்டு இரண்டாவது வைத்தியத்துக்குப் போனேன். பின்பக்கம் கனம் போதவில்லை, அதனால்தான் சக்கரம் வழுக்குகிறது என்று டிக்கியில் இரண்டு மணல் மூட்டைகளை வைத்தேன். புறப்படும்போது நன்றாகத்தான் இருந்தது. வளைவில் அந்தக் கனம் வாலில் கட்டிய கல் மாதிரி வண்டியை வெளியே இழுத்தது. மூன்றாம் நாள் மூட்டை ஒன்று பிரிந்து, மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்து டிக்கியில் மறந்திருந்த பட்டுச் சேலையில் அரைப்படி பஹ்ரைன் சேர்ந்தது. அந்த வைத்தியம் அன்றோடு முடிந்தது.

அந்த வாரத்தில்தான் பாய் வந்தார்.

அவர் எங்களுக்குப் பின் வரிசை வீட்டில் குடியிருந்தார். கீழக்கரைக்காரர். மனாமா பஜாரில் ஜவுளிக்கடை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நல்ல உயரம், அந்த உயரம் தெரியாத அளவுக்கு அகலம். காலையில் ஷேர் டாக்ஸியில்தான் கடைக்குப் போவார். அன்று டாக்ஸி வரவில்லை. கையில் குடையோடு வெயிலில் நின்றவரைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். முன் சீட்டில் ஆபீஸுக்கு எடுத்துப்போகும் ஒரு பழைய மோட்டார் இருந்ததால் பின்னால் ஏறிக்கொண்டார். கார் ஒரு முறை பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கியது.

சிக்னலில் கிளச்சை விட்டேன். சத்தமே இல்லை. பட்டுப் போல் கிளம்பியது. ரவுண்டபவுட்டில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக நுழைந்தேன். ரயில் தண்டவாளத்தில் போவது போல் சுற்றி வெளியே வந்தது. அதற்குக் காரணமும் புரிந்தது. மூட்டை அச்சுக்கு வெகு பின்னால் டிக்கியில் கிடந்தது. பாய் கிட்டத்தட்ட அச்சுக்கு மேலேயே இருந்தார். தவிர, மூட்டை வளைவில் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. பாய் செய்வார். மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் "யா அல்லா" என்று சாய்வார்.

"பாய், தினமும் இந்த வழியாத்தானே போறேன். நாளைக்கும் வந்துருங்க" என்றேன்.

"ஒங்களுக்கு ஏன் தம்பி சிரமம்?"

"சிரமமே இல்லீங்க பாய்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனப்பூர்வமாக எதையும் சொன்னதில்லை.

மறுநாள் அவர் முன் கதவைத் திறக்கப் போனார். "பின்னாடி உட்காருங்க பாய். இங்க ஏசி நேரா மூஞ்சில அடிக்கும்" என்றேன். அவர் உட்கார்ந்ததும், "கொஞ்சம் நடுவுல உட்கார்ந்தா உங்களுக்கு ரெண்டு பக்கமும் காத்து வரும்" என்றேன். அவர் நெகிழ்ந்துபோய்விட்டார். முன்னால் நான் ஓட்ட, பின்னால் நடு சீட்டில் அவர் வீற்றிருக்க, ஒவ்வொரு காலையும் பஜார் முனையில் போய் இறங்குவார். கடைக்காரர்கள் பார்ப்பார்கள். "கவர்மெண்ட் இஞ்சினியரு, தானே ஓட்டிக்கிட்டு வந்து என்னைய எறக்கி விட்டுட்டுப் போறாரு" என்று அவர் பஜார் முழுக்கச் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் கவர்மெண்டிலும் இல்லை.

வழியெல்லாம் பேசுவார். துணி, மாப்பிள்ளைமார், கப்பல், மழை என்று எதைப் பற்றியும் பேச்சு ஓடும். அவர் வீட்டிலிருந்து தொதல் வரத் தொடங்கியது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிச் செய்யும் அந்தக் கறுப்பு இனிப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த அண்ணனை நீங்க ஏத்திட்டுப் போறது மரியாதைக்கா, மூட்டைக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

"தொதல் எதுக்கு வருது?"

நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நான்கு மாதம் இப்படிச் சுகமாகப் போனது. பிறகு ஒரு காலை சிக்னலில் லேசாக ஒரு டட கேட்டது. ரோட்டில் மணல் என்று நினைத்தேன். அடுத்த வாரம் டடட. டயர்க் காற்றைப் பார்த்தேன், பட்டையின் போல்டுகளை முறுக்கினேன், ஒன்றும் குறைவில்லை. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தபோதுதான் விளங்கியது. பாயின் கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது.

"பாய்... ஒடம்பு எளைச்ச மாதிரி இருக்கே?" என் குரலில் இருந்த கவலை கலப்படமில்லாதது.

பாய் கைக்குட்டையை எடுத்தார். "நீங்கதான் தம்பி கவனிச்சிருக்கிய. எங்க வீட்டுல அவகூடக் கவனிக்கல. சுகருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சோத்தைக் கொறைச்சுட்டேன். இனிப்புப் பக்கம் திரும்புறதே இல்ல. ஒம்போது கிலோ எறங்கியிருக்கு."

ஒன்பது கிலோ! என் கார் அதைத் தராசு போல் காட்டிக்கொடுத்திருக்கிறது என்பதில் இஞ்சினியராக எனக்குச் சின்னப் பெருமைகூட ஏற்பட்டது. வீட்டிலிருந்து அவ்வளவு தொதல் எங்களுக்கு ஏன் வந்தது என்பதும் புரிந்தது.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லியும் பயனில்லை. மனைவி மைசூர்பாகு செய்திருந்தாள். ஒரு டப்பாவில் ஆறு துண்டுகளைப் போட்டு மறுநாள் காருக்கு எடுத்துப் போனேன். "ஒண்ணே ஒண்ணு பாய், நெய்யில செஞ்சது, ஒண்ணும் ஆகாது" என்றேன். மனுஷர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். மனாமா போய்ச் சேர்ந்தபோது டப்பா காலி. மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் மனைவி டப்பாவோடு வாசலில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"இது யாருக்கு?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சர்க்கரை வியாதிக்காரருக்கு மைசூர்பாகு குடுக்கறீங்க. உங்க வண்டி குதிக்காம இருக்கறதுக்காக" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "படிச்சவங்கதானே நீங்க?"

அன்று பாயை ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் கண் என் கைகளைத் தேடியது. டப்பா இல்லை. அவர் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பெஷாவர்க்காரரிடம் போய் நின்றேன். "இனிமே கனம் வெக்கற வேலையே வேண்டாம். அச்சு முறுக்கிக்காம பிடிச்சு வெக்கணும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அச்சு முறுக்குவதுதான் நோய் என்றால், கனம் ஏற்றுவது வலி மாத்திரை மாதிரிதான் என்பது நாலு மாதத்துக்கு முன்பே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாய் அவ்வளவு வசதியாக இருந்ததால் யோசிக்கவில்லை.

சிமெண்டு மேடையில் சுண்ணாம்புக்கட்டியால் படம் போட்டேன். ஒவ்வொரு பக்கமும் பட்டைக்கு அடியில் ஒரு கனத்த இரும்புக் கம்பி. அதன் ஒரு முனையை அச்சோடு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். மறுமுனை முன்னால் நீண்டு, பட்டை காரோடு சேரும் இடத்துக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும். அதன் நுனியில் ரப்பர்க் கட்டை. அச்சு முறுக்கப் பார்த்தால் கம்பியின் நுனி எழும்பி மேலே முட்டிக்கொள்ளும். பட்டை நெளிய வழியில்லை. மற்ற நேரமெல்லாம் கம்பி சும்மா இருக்கும், பட்டை வழக்கம் போல் மேடு பள்ளத்தில் ஆடிக்கொள்ளும்.

பெஷாவர்க்காரர் படத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "ஆட்டுக்கு ஊன்றுகோல்" என்று இந்தியில் சொன்னார். பிறகு வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். லாரி டயரிலிருந்து ரப்பரை அறுத்தோம். ஓய்ந்துபோயிருந்த ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினோம். வளைவில் பின்பக்கம் அலைந்ததற்கு அவைதான் பாதிக் காரணம். மீதிக் காரணம் வளைவின் நடுவில் பயந்துபோய்க் காலை எடுக்கும் நான். அதற்கு அவரிடம் உதிரி பாகம் இல்லை.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். டிக்கி காலி, பின் சீட்டு காலி. சிக்னலில் கிளச்சை வெடுக்கென்று விட்டேன். அடியில் 'தப்' என்று ரப்பர் ஒரே ஒரு தரம் முட்டியது. கார் அம்பு மாதிரி போனது. அதே ரவுண்டபவுட்டை மூன்று முறை சுற்றினேன். ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி, "கலாஸ், யல்லா" என்றார். போதும், கிளம்பு என்று அர்த்தம்.

மறுநாள் காலை பெருமிதத்தோடு பாயின் வீட்டு வாசலில் நிறுத்தி, முன் கதவை நானே திறந்துவிட்டேன். "முன்னாடி உட்காருங்க பாய்."

பாயின் முகம் வாடிவிட்டது. "ஏன் தம்பி, ஏதும் கோவமா?"

இத்தனை மாதம் அவரைப் பெரிய மனுஷராகப் பின்னால் உட்கார்த்தி வைத்துவிட்டு இன்றைக்கு முன்னால் வரச் சொல்கிறேன். அவருக்கு அது பதவியிறக்கம். பஜார் வேறு பார்க்கும். முன்னால் உட்கார்ந்தார். வழியில் துணியும் இல்லை, கப்பலும் இல்லை. மறுநாள் நான் ஹார்ன் அடித்தபோது, டாக்ஸிக்குச் சொல்லியாச்சு என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மாலையில் மனைவி என்னைப் பாயின் கடைக்கு அனுப்பினாள். "உண்மையைச் சொல்லிட்டு வாங்க. பாதியாச் சொல்லாதீங்க."

பாய் யாருக்கோ சட்டைத்துணி அளந்துகொண்டிருந்தார். துணி வாங்க வந்தவர் போனதும் நான் ஆரம்பித்தேன். இஞ்சின், துள்ளல், மணல் மூட்டை, பின் சீட்டு, நடு சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கத்தரியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அப்ப, நான் மூட்டை."

"ஆமாங்க பாய்."

"என் மச்சான் என்னையவிட இருவது கிலோ கூடுதலு. அடுத்த கடைதான். அவரை ஏன் கூப்புடல?"

"அவரு எங்க வழியில இல்லீங்களே."

பாய் தலையை ஆட்டினார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். பிறகு மெல்ல, "அன்னைக்கி ஒடம்பு எளைச்சிருக்கேன்னு கேட்டியளே, அதுவும் வண்டிக்காகத்தானா?" என்றார்.

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. "ஆமாங்க பாய். மைசூர்பாகும்" என்றேன்.

அவர் கத்தரியை வைத்தார். "அன்னைக்கி ராத்திரி வீட்டுக்குப் போயி அவகிட்ட என்னா சொன்னேன் தெரியுமா? இஞ்சினியரு தம்பிக்கு இருக்குற அக்கறை கட்டுன பொண்டாட்டி ஒனக்கு இல்லையேன்னு சொன்னேன். ரெண்டு நாளு எங்க வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல. மூணாம் நாளு நான்தான் போயி மன்னிப்புக் கேட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. குலுங்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், பாய் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். துணி அடுக்கு சரிந்தது. அடுத்த கடையிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார். அவர் உண்மையிலேயே பெரியவர்.

"இது இவருக்குத் தெரியக்கூடாது" என்று பாய் குரலைத் தாழ்த்தினார். "பஜாருக்கும். நாளைக்கி எத்தனை மணிக்கு?"

"வழக்கம் போல ஏழுங்க பாய்."

ஏழு மணிக்கு அவரே முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். புறப்பட்டோம். இத்தனை மாதம் நடு சீட்டில் உட்கார்ந்து என் பின்மண்டையைத்தான் பார்த்திருந்தார். முந்தாநாள் முன்னால் உட்கார்ந்தபோதும் மனத்தாங்கலில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். இப்போதுதான் சாலையைப் பார்த்தார். ஒரு தண்ணி லாரியை நான் முந்தியபோது காலைத் தரையில் ஊன்றினார். ரவுண்டபவுட்டில் நுழைந்தபோது 'யா அல்லா'வோடு இன்னும் நிறைய அரபி வந்தது.

"தம்பி, இப்புடியா ஓட்டுவிய? தெனமும் இப்புடித்தானா?"

"இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாங்க பாய்."

பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது, என்னைக் கேட்காமலே இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "நான் இங்கயே இருந்துக்குறேன். கண்ணுக்குத் தெரியாம இருந்தாத்தான் நல்லது" என்றார்.

அப்படியே இன்னும் இரண்டு வருடம் போனோம். கம்பியைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் பெஷாவர்க்காரரிடம் அதே மாதிரி போட்டுக்கொண்டார்கள். பாயின் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவர் வீட்டிலிருந்து தொதல் வருவதும் நிற்கவில்லை.

எனக்குத் தோஹாவில் வேறு வேலை கிடைத்தபோது காரை ஒரு கேரள நர்ஸ் வாங்கிக்கொண்டார். பட்டைக்கு அடியில் இருக்கும் கம்பிகளின் அருமையை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரேடியோ பாடுமோ சாரே?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பாயின் பேச்சு இருந்ததால் அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை.